நாலு சில்லுக்கு நாலு சொந்தக்காரர்

என் முதல் காருக்குச் சில்லு நாலு. அதில் எனக்குச் சொந்தமானது ஒன்றுதான்.

மற்ற மூன்றும் அந்தக் காரில் ஏறி வந்த மூன்று பேருடையவை. இப்போது சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூறுகளின் முற்பகுதி. கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தோம். வேலை ஒஷாவாவில். கார்க் கதவுக்கு உள்பக்கப் பிளாஸ்ரிக் வார்க்கிற தொழிற்சாலை. காலை ஏழு மணிக்குக் கார்ட் அடிக்க வேண்டும். பஸ் பிடித்துப் போய்ச் சேர முடியாது. அதனால் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினேன். மண்ணிறம். நிறமா ஊத்தையா என்று முதலில் விளங்கவில்லை. கழுவிப் பார்த்தேன். நிறம்தான்.

முன் சீற்றில் மாஸ்ரர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். பின்னால் இருந்தால் தலை சுற்றிச் சத்தி எடுப்பார். அதனால் முன் சீற் அவருக்கு. என் முதுகுக்குப் பின்னால் லொறி அண்ணை. யாழ்ப்பாணம் கொழும்புப் பாதையில் இருபது வருடம் லொறி ஓட்டியவர். இங்கே றோட் ரெஸ்ற்றில் மூன்று தரம் பெயில். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹோர்ன் அடித்தாராம். அவருக்குப் பக்கத்தில் என் மச்சான், மனைவியின் தம்பி. காரில் ஏறியதும் நித்திரை. ஒஷாவாவில் தட்டி எழுப்ப வேண்டும்.

அவர்கள் மூவருக்கும் வேலை நிரந்தரம். கார் இல்லை. எனக்குக் கார் இருந்தது. வேலை நிரந்தரம் இல்லை.

மனைவி கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தாள். அவளைக் கூப்பிட ஸ்பொன்சர் செய்ய வேண்டும். அதற்கு வேலைக் கடிதம் வேண்டும் என்று ஃபோம் நிரப்பித் தருகிறவர் சொன்னார். தொழிற்சாலையில் மூன்று மாதம் ஒழுங்காக வந்தால்தான் கடிதம். ஒரு நாள் மச்சான் எழும்பாமல் பிந்தினேன். இன்னொரு நாள் பனியால் பிந்தினேன்.

அந்தப் பனிநாளைச் சொல்ல வேண்டும். முதல் பனி. நெடுஞ்சாலைக்கு ஏறுகிற வளைவில் கார் வழுக்கியது. நான் ஒரு பக்கம் திருப்பினேன். அது தன்பாட்டில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு லொறி அண்ணை சொன்னார்.

"தம்பி, வீட்டை போறதெண்டால் இப்ப சரியான பக்கம் நிக்குது."

மச்சான் எழும்பவேயில்லை.

அன்று சுப்பவைசர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசன். அதிகம் கதைக்கமாட்டார். மூன்று விரலைக் காட்டினார். இரண்டை மடக்கினார். மிச்சம் ஒன்று நின்றது. எனக்கு விளங்கியது. இன்னும் ஒரு தரம் பிந்தினால் கடிதம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி போனில் கேட்டாள்.

"கடிதம் தந்தவையோ?"

"இன்னும் இல்லை."

"பனியாம், வழுக்குதாம் எண்டு தம்பி சொன்னான்."

"அவனுக்கென்ன தெரியும். அவன் நித்திரை."

போனை வைத்தேன். பனியில் வழுக்காத ஸ்நோ ரயர் போடுவதென்று அன்று முடிவெடுத்தேன்.

எந்த ரயர் என்பது வேறு கதை. மறுநாள் காருக்குள் அந்தக் கேள்வியைப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

"ரயரிலை ஒண்டும் இல்லைத் தம்பி. எல்லாம் கையிலைதான் இருக்கு," என்றார் லொறி அண்ணை. "டிக்கியிலை ரண்டு மூட்டை மண்ணைப் போடும். அசையாது."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிப்பிக்கப் போகிறார் என்று அர்த்தம்.

"எஞ்சின் முன்னுக்கு. இழுக்கிறது முன் சில்லு. முன்னுக்கு ரண்டு போட்டாக் காணும். பின் சில்லு சும்மா வாற சில்லு."

"சும்மா வாற சில்லோ? அண்டைக்கு எங்களைத் திருப்பிவிட்டது ஆர்?" என்றார் லொறி அண்ணை. "அந்தச் சும்மா வந்தவர்தான்."

மச்சான் ஒரு கண்ணைத் திறந்தான். "அத்தான், பளபளவெண்டு அலோய் றிம் போடுங்கோ. அக்கா வரேக்கை வடிவாயிருக்கும்." மறுபடி மூடிவிட்டான்.

சனிக்கிழமை ஸ்காபரோவில் கராஜ் வைத்திருந்த எங்கள் ஆள் ஒருவரிடம் நாலு பேரும் போனோம். அவர் காரைச் சுற்றி வந்தார். எங்களையும் பார்த்தார்.

"நாலும் போடவேணும் அண்ணை. நாலும் ஒரே மாதிரி இருக்கவேணும். வெறும் ரயரை வாங்காதேங்கோ. றிம்மோடை சேர்த்து நாலு சில்லாய் வைச்சிருங்கோ. பனி வரேக்கை நீங்களே வீட்டிலை பூட்டலாம். பனி போக நீங்களே கழட்டலாம்."

பதின்மூன்று இஞ்சி விட்டம், நாலு நட்டு ஓட்டை என்று துண்டில் எழுதித் தந்தார். அவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டோம். ஒரே மாதிரி என்றதை மட்டும் விட்டுவிட்டோம்.

அதற்குக் காரணம் உண்டு. முன்பு நானும் லொறி அண்ணையுமாக ஆறு பேர் ஒரே அப்பார்ட்மென்றில் இருந்தவர்கள். அங்கே ஒரு முறை இருந்தது. எதையும் சேர்ந்து வாங்குவதில்லை. ஆளுக்கு ஒன்று. ரீவி ஒருவருடையது. சோபா ஒருவருடையது. இஸ்திரிப்பெட்டி ஒருவருடையது. எல்லாரும் பாவிக்கலாம். விட்டுப் போகிறவர் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. அந்த முறையால் சண்டையே இருக்கவில்லை.

சோற்றுப்பானை என்னுடையது. மச்சான் கனடா வந்ததும் நான் வேறு அறை எடுத்தேன். பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். மிச்சப் பேர் இரண்டு நாள் பாண் தின்றார்கள். அதில் லொறி அண்ணையும் ஒருவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முறை அப்படி.

காருக்கும் அதே முறையைப் போட்டோம். ஆளுக்கு ஒரு சில்லு. ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

மாஸ்ரர் இரண்டு கிழமை விளம்பரத் தாள்களைச் சேர்த்து வாசித்தார். கோடு போட்டார். பிறகு புத்தம் புதிய ரயர் ஒன்று வாங்கினார். கடைக்காரர் மிச்சம் மூன்று எங்கே என்று கேட்டிருக்கிறார். அது மற்ற ஆக்களின் அலுவல் என்று சொல்லியிருக்கிறார்.

லொறி அண்ணை பழைய கார் உடைக்கிற யார்டுக்குப் போனார். மூன்று சனிக்கிழமை போனார். ரயரின் தவாளிப்புக்குள் நகத்தை விட்டு ஆழம் பார்ப்பார். விரலால் தட்டுவார். மணந்து பார்ப்பார். மூன்றாவது சனிக்கிழமை ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். பார்க்க வடிவில்லை. ஆனால் நாலிலும் திறம் அதுதான் என்று பிறகு தெரிந்தது.

மச்சான் ஒரேயொரு அலோய் சில்லு கொண்டுவந்தான். கண்ணாடி மாதிரி மினுங்கியது. நான் கறுப்பு இரும்பு றிம்மோடு சாதாரண ஒன்று எடுத்தேன்.

நாலையும் கராஜில் வரிசையாக வைத்தோம். கராஜ்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இது நாலு காரின்ரை சில்லெல்லோ?"

"இல்லைத் தம்பி," என்றார் லொறி அண்ணை. "ஒரு காரின்ரை. நாலு பேரின்ரை."

கராஜ்காரர் நாலையும் ஒருதரம் உருட்டிப் பார்த்தார். திறமான இரண்டையும் ஒரு சோடியாக முன்னுக்குப் போடலாம் என்றார். அது மாஸ்ரரின் சில்லும் லொறி அண்ணையின் சில்லும்.

"அப்ப நான் முன்னுக்கு இருக்கிறன்," என்றார் லொறி அண்ணை.

"நான் பின்னுக்கு இருக்கமாட்டன். எனக்குச் சத்தி வரும்," என்றார் மாஸ்ரர்.

"சில்லுத்தானே அண்ணை முன்னுக்குப் போகுது. நீங்கள் இருந்த இடத்திலையே இருங்கோவன்," என்றார் கராஜ்காரர்.

"அதெப்பிடி? என்ரை சில்லுக்கு மேலை நான் இருக்கவேணும். வேறை ஆளை ஏன் அது சுமக்கவேணும்?" என்றார் லொறி அண்ணை.

கராஜ்காரர் சீற்றைக் கேட்டுக் கேட்டுச் சில்லைப் பூட்டினார். மாஸ்ரரின் சில்லு மாஸ்ரருக்குக் கீழே. லொறி அண்ணையின் சில்லு லொறி அண்ணைக்குக் கீழே. இப்படி ஒரு கார் தன் கையால் போனதாக ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை எலுமிச்சம்பழம் வைக்காமல் காரை எடுக்க லொறி அண்ணை விடவில்லை. பழத்தைப் பல்கனியில் வைத்திருந்தார். அது இரவோடு உறைந்து கல்லாகிவிட்டது. நாலு சில்லுக்கும் நாலு பழம் வைத்தார். காரை எடுத்தேன். முன்னால் டொக்கென்று ஏறி டொக்கென்று விழுந்தது. பின்னாலும் அப்படியே. இறங்கிப் பார்த்தோம். நாலு பழமும் முழுசாக இருந்தன.

"ஐசே, உது என்ன சகுனம்?" என்றார் மாஸ்ரர்.

"பழம் நல்ல பலம் எண்ட சகுனம்."

பின்னேரம் பழம் இளகியது. பொரித்த மீனுக்குப் பிழிந்தோம்.

பனி கொட்டத் தொடங்கியது. கார் ஓடியது. வழுக்கினாலும் பிடித்துக்கொண்டது. நான் பிந்தவில்லை. ஆனால் காருக்குள் ஒரு புது வருத்தம் வந்தது. கார் எந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தாலும் அந்தப் பக்கத்துக்காரரை மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உது உம்மடை மூலைதான்."

"என்ரையில்லை. மினுக்குச் சில்லு. கேளுங்கோ அவனை."

மச்சானைக் கேட்க முடியாது. அவன் நித்திரை.

இன்னொரு பிரச்சினை காற்று. மாஸ்ரருக்குக் குளிர் ஆகாது. ஹீற்றரை முழுதாகத் திருப்பிவிடுவார். சூடு வந்தால் ஓட்டுகிறவன் தூங்கிவிடுவான் என்று லொறி அண்ணை தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்குவார். முன்னால் சித்திரை வெயில். பின்னால் பனிக்காற்று. நடுவில் நான்.

கடிதத்துக்கு இன்னும் ஒரு கிழமை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருகிறோம். கண்ணாடி இறங்கியது. மாஸ்ரர் இருமினார். பிறகு பொறுமை விட்டது.

"ஐசே, நீர் மூண்டுதரம் பெயில் விட்டதும் உப்பிடிக் கண்ணாடியைத் திறந்து வைச்சுத்தானோ?"

லொறி அண்ணை கண்ணாடியை மெதுவாக ஏற்றினார். இறங்கும்போது என்னிடம் சொன்னார்.

"தம்பி, நான் திங்கள் தொடக்கம் நாலாம் மாடி ஆளின்ரை வானிலை போறன். என்ரை சில்லைக் கழட்டித் தாரும்."

"அண்ணை, ஒரு கிழமை பொறுங்கோவன். கடிதம்..."

"நீர் பானையைத் தூக்கேக்கை நாங்கள் பொறுக்கச் சொன்னனாங்களோ?"

முறை அப்படி. நானே செய்தவன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் வந்தார். தானே கழற்றினார். கைகள் அளவாக, வேகமாக வேலை செய்தன. கட்டிடத்து லொபியில் எப்போதும் ஒரு சுப்பர் மார்க்கெற் தள்ளுவண்டி அனாதையாக நிற்கும். அதில் சில்லை ஏற்றித் தள்ளிக்கொண்டு லிஃப்ற்றுக்குள் போனார். கதவு மூடியது.

அந்த மூலையில் பழைய கோடை ரயரைப் பூட்டினேன். கார் நிறுத்துமிடத்தில் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். பின்பக்கம் நாய் வாலாட்டுவதுபோல ஆடியது. ரேடியோவில் நாளைக்குப் பெரிய பனி என்றார்கள்.

மனைவி அன்றும் போன் எடுத்தாள்.

"இந்தக் கிழமை கடிதம் தருவினம் என்ன?"

"ஓம்," என்றேன். வேறென்ன சொல்ல?

திங்கள் நேரத்தோடு எழும்பினேன். மச்சானை இழுத்துக்கொண்டு கீழே வந்தேன். மாஸ்ரர் லொபியில் நின்றார். முகம் சரியில்லை. அவருக்கும் நித்திரை இல்லை என்று தெரிந்தது. வெளியே பனி முழங்காலுக்குக் கிட்ட. இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

என் காருக்குப் பக்கத்தில் அந்தத் தள்ளுவண்டி நின்றது. அதற்குள் சில்லு. அதற்குப் பக்கத்தில் லொறி அண்ணை, தலையில் பனியோடு.

"சில்லு அறைக்குள்ளை மணக்குது தம்பி. கூட இருக்கிறவங்கள் படுக்க விடுறாங்கள் இல்லை. ஜக்கைத் தாரும்."

காரைத் தூக்குகிற ஜக்கைக் கொடுத்தேன். அவர் பனிக்குள் முழங்காலில் இருந்தார். மாஸ்ரர் பையைத் திறந்து குடையை எடுத்தார். விரித்து அவருக்கு மேலே பிடித்தார். நட்டு நாலும் கழன்றன. கோடை ரயர் இறங்கியது. அவருடையது ஏறியது. பெரிதாக நேரம் போகவில்லை. கொழும்புப் பாதையில் மழைக்குள் பாரத்தோடு சில்லு மாற்றிய கை.

நட்டை இறுக்கிக்கொண்டு கேட்டார்.

"பானை இப்பவும் இருக்கோ?"

"இருக்கு அண்ணை."

"ஞாயிற்றுக்கிழமை சோறு போடும். ரண்டு நாள் சோறு பாக்கி கிடக்கு."

"சரி அண்ணை."

நான் நாலாம் மாடிக்காரரின் வான் நிற்கிற இடத்தைப் பார்த்தேன். காலி. தரை இன்னும் முழுதாக மூடவில்லை. வான் சற்று முன்னர்தான் போயிருக்கிறது. இவர் ஏறவில்லை.

ஓடினோம். மெதுவாக ஓடினோம். பாதையில் கார்கள் பள்ளத்துக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றன. லொறி அண்ணை என் தோளுக்குப் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். "பிறேக்கைத் தொடாதையும். காலை மட்டும் எடும். அப்பிடித்தான். இப்ப அமத்தும்." ஒரு இடத்தில் ஹோர்ன் அடிக்கச் சொன்னார். அடித்தேன். ஏன் என்று தெரியாது. வழியில் கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கினார். மாஸ்ரர் மஃப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டார். இருமவில்லை.

ஆறு ஐம்பத்தெட்டுக்குக் கார்ட் அடித்தேன்.

உள்ளே மெசின் ஓடவில்லை. ஆட்கள் கால்வாசிகூட இல்லை. சுப்பவைசர் இல்லை. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிற மனுசன். எட்டரைக்குக் கார் இழுக்கிற லொறியில் வந்து இறங்கினார். அவருடைய கார் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தது. எங்கள் நாலு பேரையும் பார்த்தார். ஜன்னலால் என் காரைப் பார்த்தார். சில்லை ஒவ்வொன்றாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை கடிதம் தந்தார். காருக்குள் மாஸ்ரர் வாசித்துச் சொன்னார்.

"நேரம் தவறாதவர் எண்டு எழுதியிருக்கு."

"அதிலை காவாசி என்ரை," என்றார் லொறி அண்ணை.

ஞாயிறு சோறு போட்டேன். கோழிக்கறியும் வைத்தேன். லொறி அண்ணை இரண்டு நாளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

பனி போனதும் ஆளாள் தன் சில்லைக் கொண்டு போனார்கள். மாஸ்ரர் பழைய வேட்டியால் மூடி வைத்தார். லொறி அண்ணை கட்டிலுக்குக் கீழே தள்ளினார். மணம் பற்றி அப்போது ஒரு கதையும் வரவில்லை. மச்சான் அலோய் சில்லைப் படுக்கவைத்து அதன் மேல் போனை வைத்தான். அடுத்த நவம்பரில் நாலும் திரும்பி வந்தன.

ஸ்பொன்சர் அலுவல் முடிய ஒரு வருடம் போனது. மனைவி வந்து இறங்கியது தை மாதம். நல்ல பனி. நான் தனியாக எயார்போட் போக வெளிக்கிட்டேன். கீழே மூவரும் உடுத்திக்கொண்டு நின்றார்கள்.

"எங்கை?" என்றேன்.

"சில்லு போகுது. நாங்கள் எப்பிடி நிக்கிறது?" என்றார் லொறி அண்ணை.

மனைவி என் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு காருக்கு முன்னால் நின்றாள். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறாள். என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"ஏன் சில்லு நாலும் நாலு விதமாயிருக்கு?"

"நாலு பேரின்ரை," என்றேன்.

"அக்கா, உந்த மினுங்கிறது என்ரை," என்றான் மச்சான். அன்று முழுதாக விழித்திருந்தான்.

"அப்ப எனக்கு எது?"

லொறி அண்ணை சூட்கேஸை டிக்கிக்குள் இறுக்கிக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு ஸ்ரியறிங் தங்கச்சி. இவ்வளவு நாளும் தம்பி சும்மா பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

அவள் எங்கே இருப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நாலு சீற்றுக்கும் நாலு ஆள். மாஸ்ரர் முன் கதவைத் திறந்து பிடித்தார்.

"இருங்கோ பிள்ளை."

பிறகு பின்னால் ஏறி மற்ற இருவருக்கும் நடுவில் இருந்தார். அவர் பின்னால் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

நெடுஞ்சாலைக்கு ஏறியதும் மனைவி கையை உரசிக் குளிருகிறது என்றாள். ஹீற்றரை முழுதாகத் திருப்பினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மாஸ்ரரின் மூச்சு மாறியது.

"கண்ணாடியைத் திறக்கட்டோ மாஸ்ரர்?" என்றார் லொறி அண்ணை.

"ஓம். கெதியாத் திறவும்."

திறந்தார். முன்னால் சூடு. பின்னால் காற்று. வீடு வரும்வரை ஒருவரும் முறைப்படவில்லை.